பேதுருவின் சாவியும் பாலக்கரைச் சம்பந்தியும்

வைகாசியில் பிறக்க வேண்டிய என் பேரன் பங்குனியிலேயே பிறந்துவிட்டான். செய்தி வந்தபோது நான் சிங்கப்பூரில், செங்காங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மகள் எஸ்தருக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறிவிட்டது, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள், பையன், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று திருச்சியிலிருந்து சம்பந்தியம்மா போனில் சொன்னார். எடை எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் முசிறிக்கார அம்மாள் ஒருவர், மடியில் மைலோ டின்னும் கோடாலித் தைலமுமாக ஒரு பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பேரனுக்கு என்ன வாங்கிப் போகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் வாங்கவில்லை. என் கைப்பையில் இருந்தது ஒரு வேதாகமம். அதில் வரிசையாகக் கலர் காகிதம் செருகி வைத்திருந்தேன். பேரனுக்காக அல்ல, சம்பந்தியம்மாவோடு வாதாட. வைகாசியில் போகும்போது பயன்படும் என்று தை மாதத்திலிருந்தே தயாராகிக்கொண்டிருந்தவன் நான். அதை எப்படி அந்த அம்மாளிடம் சொல்வது? சட்டை வாங்கியிருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

கதை இதுதான். நான் பிறவிப் புராட்டஸ்டண்ட், எங்கள் சபையில் மூப்பர். துறைமுக வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, வேதப்பாடம் நடத்துவதே என் முழுநேர உத்தியோகம் என்று மறைந்த என் மனைவி கேலி செய்வாள். எஸ்தர் எங்களுக்கு ஒரே பெண். சிங்கப்பூருக்கு வந்துபோன ஒரு கப்பல் என்ஜினியரைக் கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை ஜெரோம் நல்ல பையன், ஆனால் கத்தோலிக்கன். கல்யாணத்தின்போது, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று அவன் தன் சாமியாரிடம் வாக்குக் கொடுத்தான். எஸ்தர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அந்தச் சந்து எனக்குப் போதுமானதாக இருந்தது. குழந்தைக்கு எங்கள் சபையில்தான் ஞானஸ்நானம் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

சம்பந்தியம்மாவும் அப்படியே ஒரு முடிவு கட்டியிருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெயர் செலின் மேரி. ரிட்டயர்டான டீச்சர், ஞாயிறுதோறும் பாலக்கரைக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர். அவர்கள் கோயில் என்பார்கள், நாங்கள் சபை என்போம். அங்கேயே தகராறு ஆரம்பித்துவிடும்.

திருச்சி வெயில் விமானப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டது. சிங்கப்பூரிலும் வெயில்தான், ஆனால் மத்தியானத்துக்குமேல் ஒரு மழை வந்து தணித்துவிடும். இங்கே அந்தக் கருணை கிடையாது. டாக்சிக்காரர் ஏசியைப் போட்டுவிட்டு, சிங்கப்பூரில் இப்போது வேலை கிடைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. தில்லைநகர்ப் பக்கம் ஆஸ்பத்திரி. இறங்கும்போது பெட்டியை வண்டியிலேயே மறந்துவிட்டேன். அவர்தான் ஓடிவந்து கொடுத்தார்.

சம்பந்தியம்மா வராந்தாவில், முகத்தில் மாஸ்க் போட்டு, ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டவருக்கு இருமல் வந்துவிட்டது. அந்த இருமலால்தான் குழந்தை இருக்கும் அறைக்குள் அவரை விடவில்லையாம். பிறந்ததிலிருந்து பேரனை நர்ஸ் எடுத்துக் காட்டிய போன் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை நடுக்கடலில். கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்டால்தான் இறங்க முடியும். ஆகவே தாயைத் தவிர உள்ளே போகக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று ஆயிற்று.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். கவுன், தொப்பி, மாஸ்க். உள்ளே, பெட்டிக்குள் அவன் படுத்திருந்தான். மூக்கில் குழாய், வயிற்றில் ஒட்டிய ஒயர், என் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பாதம். நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும், மறுபடி ஏறுமா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் கலைச்செல்வி, லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், போதும் சார் என்று தோளைத் தொட்டபோதுதான் திரும்பினேன்.

எஸ்தர் மேல்மாடி அறையில் வீங்கிய முகத்தோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. பாத்தீங்களாப்பா என்று மட்டும் கேட்டாள். பார்த்தேன், அழகாக இருக்கிறான் என்றேன். அந்தப் பொய்க்கு அவள் நன்றியாகத் தலையாட்டினாள்.

சம்பந்தியம்மா கேரியரில் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால் அவருக்குக் கீரையும் மோரும். எனக்கு வஞ்சிரம் வறுத்து, மிளகு ரசம் வைத்திருந்தார். எங்களுக்கும் தவக்காலம் உண்டு, வயிற்று விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் கிடையாது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். ரசம் தொண்டையில் இறங்கியபோது, காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. அவர் வீட்டில் தங்கச் சொன்னார். தனியாக இருக்கும் பெண்மணி வீட்டில் தங்கக் கூச்சமாக இருந்தது. சிங்கப்பூர் நண்பர் ஒருவரின் ஃபிளாட் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் பூட்டிக் கிடந்தது. சாவி கீழ்வீட்டில் இருந்தது. அங்கே போய்ப் படுத்தேன்.

மறுநாளே சண்டை வந்துவிட்டது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் அவர் என்னைச் சொல்வார், நான் அவரைச் சொல்வேன். ஆஸ்பத்திரி நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்குப் பயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைக் கொண்டுபோய் ரோமாபுரியில் வைத்தோம்.

ஆண்டவர் மோட்சத்தின் சாவியைப் பேதுருவின் கையில் கொடுத்தார், அந்தக் கை அடுத்தவர் தலைமேல், அவர் கை அதற்கடுத்தவர் தலைமேல் என்று இன்றுவரை அறுந்துபோகாமல் வந்திருக்கிறது, அதுதான் திருச்சபை என்றார் சம்பந்தியம்மா. திருச்சபை பிறந்தது எருசலேமில் பரிசுத்த ஆவி இறங்கிய அன்று, இறங்கியது பேதுருவின்மேல் மட்டுமல்ல, அங்கிருந்த எல்லோர்மேலும் என்றேன் நான். ரோமாபுரிக்குத் தலைமை வந்தது வெகுகாலம் கழித்து, சக்கரவர்த்திகளின் தயவில் என்றும் சேர்த்துச் சொன்னேன். தோமையார் மயிலாப்பூருக்கு வந்தது எந்தச் சபையிலிருந்து என்று அவர் கேட்டார். எருசலேமிலிருந்து, ரோமில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வரவில்லையே என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விடவில்லை. உங்கள் சபை எப்போது ஆரம்பித்தது, ஒரு ஜெர்மன்காரர் கோபித்துக்கொண்டு வெளியே போனபோதுதானே என்றார்.

நாங்கள் புதிதாக எதையும் ஆரம்பிக்கவில்லை, குப்பை சேர்ந்த வீட்டைக் கூட்டினோம், வீடு பழைய வீடுதான் என்றேன்.

"கூட்டினவங்க வீட்டுக்குள்ளதானே இருக்கணும்ணே? நீங்க எதுத்தாப்புல போய் வேற வீடு கட்டிட்டீங்க."

"கதவைச் சாத்தினது யாரு சம்பந்தியம்மா?"

இதெல்லாம் எஸ்தரின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு. நாங்கள் குரலை உயர்த்தவில்லை என்றுதான் நான் நினைத்தேன். எஸ்தர் கண்ணை மூடியபடியே பேசினாள்.

"அப்பா, அத்தை, ரெண்டு பேருக்கும் சொல்றேன். இங்க யாரும் சபைன்னு பேசக் கூடாது. ஞானஸ்நானம்கிற வார்த்தையே என் காதுல விழக் கூடாது. அவன் வீட்டுக்கு வரட்டும். அதுக்கப்புறம் நானே சொல்றேன்."

அந்தக் குரல் எனக்குப் புதிது. சரிம்மா என்றேன். சம்பந்தியம்மாவும் தலையாட்டினார். வெளியே வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேறு வேறு நாற்காலியில் உட்கார்ந்தோம்.

பிறகு வந்த நாட்கள் ஒரே மாதிரி போயின. காலையில் ஸ்ரீரங்கத்தில் கீழ்வீட்டு ராகவன் சார் காபி கொடுப்பார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். காபி என்றால் அதுதான் காபி. எங்கள் ஊர்க் கோப்பியில் டின்பாலை ஊற்றிக் கலக்கிவிடுவார்கள், இனிப்புதான் நாக்கில் நிற்கும். இங்கே கசப்பு முதலில் வருகிறது. அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் மாற்றுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தபடி குடிப்போம். காவிரியில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. குளிக்கிறவர்கள் மணலில் வெகுதூரம் நடந்தார்கள்.

என் முகத்தைப் பார்த்து ராகவன் சார் விசாரித்தார். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். சம்பந்தியோடு வந்த தகராறையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் தென்கலை, மனைவி வடகலை. இரண்டு பேருக்கும் பெருமாள் ஒருவர், ஆசாரியரும் ஒருவர். அந்த ஆசாரியருக்குப் பிறகு சரியான வாரிசு யார் என்பதில்தான் சில நூறு வருஷமாகத் தகராறு. நெற்றியில் இடும் திருமண்ணுக்கு அடியில் பாதம் உண்டா இல்லையா என்பதுவரை போகும்.

"எங்காத்துப் பையனுக்குத் தோள்ல சங்கு சக்கரம் பொறிச்சுக்கணும், எந்த மடத்துலன்னு ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கலை. இன்னிக்குப் பாருங்கோ, அவன் டல்லாஸ்ல இருக்கான். இதுவும் ஆகலை, அதுவும் ஆகலை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டம்ளரைக் கழுவ உள்ளே போனவர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எனக்கு அன்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் டல்லாஸ் பையன்தான் ஞாபகத்தில் இருந்தான்.

ஆஸ்பத்திரியில் பேரன் ஒரு நாள் நன்றாக இருப்பான், மறுநாள் பால் செரிக்காது. டாக்டர் பொறுத்துப் பார்ப்போம் என்பார். போன் அடித்தால் எழுந்து நின்றுவிடுவேன். சிங்கப்பூரிலிருந்து விளம்பரக்காரன் கூப்பிட்டால்கூடத்தான். ஒருநாள் சம்பந்தியம்மாவுக்குத் துணையாகக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் காய்கறியும் மீனும் விற்கும் ஈரச்சந்தையில் எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு குத்தியிருக்கும், யாரும் வாய் திறக்க வேண்டாம். இங்கே வாழைத்தார் சுமந்து வருபவர்களுக்கு வழிவிட்டு, தக்காளிக்காரியோடு பேரம் பேசி, நடுவில் யாரோ மிதித்த காலைத் தேய்த்துக்கொண்டு நடந்தோம். எஸ்தருக்குப் பால் ஊற வேண்டும் என்று முருங்கைக்கீரையும் பூண்டும் பை நிறைய வாங்கினார். அந்த நேரமெல்லாம் இருவரும் பேதுருவைப் பற்றிப் பேசவில்லை. பூண்டு நாட்டுப் பூண்டா என்பதைப் பற்றித்தான் பேசினோம்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, பக்கத்தில் ஏதாவது ஒரு சபையில் ஆராதனைக்குப் போகலாம் என்று ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். மாம்பழச்சாலை தாண்டிக் காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போனதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. இரண்டு பக்கமும் ஹார்ன். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இப்போதைக்கு நகராது, உட்காருங்கள் என்றார். அப்போதுதான் போன் அடித்தது. கலைச்செல்வி.

"சார், எங்க இருக்கீங்க? டாக்டர் பேசணும்னாரு. கொஞ்சம் சீக்கிரம் வாங்க சார்."

கொஞ்சம் சீக்கிரம் என்று எந்த ஆஸ்பத்திரியும் நல்ல செய்திக்குக் கூப்பிடுவதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினேன். பாலத்தின் நடைபாதையில் எதிரே வருகிறவர்களை இடித்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், என் முழங்காலுக்கு அது வேகமான நடைதான். கீழே மணலில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது சாதாரண ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்குமேல் ஜெபம் வரவில்லை. அத்தனை வசனம் படித்தவனுக்கு அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அண்ணா சிலை தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு ஆட்டோ கிடைத்தது. என் முகத்தைப் பார்த்தவர் வாடகை பேசவில்லை, ஏறுங்க சார் என்றார்.

ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். குழந்தை மூச்சுவிட்டுக் களைத்துவிட்டான், மெஷின் வைத்திருக்கிறோம், மருந்தை மாற்றியிருக்கிறோம், இன்றைய பொழுது கஷ்டமானதுதான். எஸ்தருக்கு மறுபடி ரத்த அழுத்தம் ஏறியதால் ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தார்கள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. சாயந்திரத்துக்குள் ஒருவர் மட்டும் உள்ளே போய்ச் சில நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்றார்.

சம்பந்தியம்மா கையில் குருத்தோலையோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பவனி நடுவிலேயே அவருக்கும் போன் வந்திருக்கிறது. அவர்கள் சாமியாருக்குப் போன் போட்டால், பவனியில் இருக்கிறார், எடுக்கவில்லை. நான் எங்கள் போதகருக்கு சிங்கப்பூருக்குப் போட்டேன். அங்கே ஆராதனை நேரம், அணைத்து வைத்திருந்தார். திருச்சியில் தெரிந்த ஒரு போதகரும் எடுக்கவில்லை. ஊரிலுள்ள அத்தனை குருமாரும் ஓலையைப் பிடித்துக்கொண்டு தெருவில் பாடிக்கொண்டிருந்த நேரம் அது.

"அண்ணே, உள்ள உங்களைத்தான் விடுவாங்க. நீங்களே ஞானஸ்நானம் கொடுத்துட்டு வந்துடுங்க."

நான் பின்வாங்கினேன். எஸ்தர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். நான் போதகர் இல்லையே, குருப்பட்டம் பெற்றவர்தான் கொடுக்கலாம், எங்கள் சபை ஒழுங்கு அப்படி என்றேன்.

"ஆபத்துன்னா யார் வேணும்னாலும் கொடுக்கலாம்ணே. அந்த நர்ஸ் பொண்ணுகூடக் கொடுக்கலாம். தண்ணி ஓடணும், வார்த்தை சரியா இருக்கணும், மனசு இருக்கணும். அவ்வளவுதான். எங்க சபை அப்படித்தான் சொல்லுது."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேதுருவின் கையிலிருந்து அறுந்துபோகாமல் வந்த அதிகாரம் என்று என்னோடு மல்லுக்கு நின்ற மனுஷி, இப்போது லால்குடிப் பெண்ணின் கைகூடப் போதும் என்கிறார். ஆவி எல்லோர்மேலும் இறங்கியது, ஒவ்வொரு விசுவாசியும் ஆசாரியனே என்று வாய் கிழியப் பேசிய நான், பட்டம் பெற்றவர் வேண்டும் என்று தேடுகிறேன். இது அப்போதே எனக்கு உறைத்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. கொடுத்துவிட்டால், அவன் போய்விடுவான் என்று நானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எனக்கு அதற்குத் தைரியம் இல்லை.

"கொடுக்காம அவன் போயிட்டா, நாம ரெண்டு பேரும் உயிரோட இருக்கிறவரைக்கும் இதையேதான் பேசிக்கிட்டு இருப்போம்ணே," என்றார். குரலில் சண்டை இல்லை.

சரி என்றேன். அவர் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை வரைந்தார். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குப் போடுவார்களே, அப்படி. எங்களில் அந்த வழக்கம் கிடையாது. நான் தலையைக் குனிந்துதான் நின்றேன். ஏதாவது ஒரு கை தலைமேல் இருந்தால் போதும் என்று இருந்தது.

கலைச்செல்வியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். சுத்திகரித்த தண்ணீர் சில சொட்டு, நெற்றியில் மட்டும், உடனே பஞ்சால் ஒற்றிவிட வேண்டும். செய்யுங்க சார், நானும் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன் என்று சொல்லி, ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீரை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பெட்டியின் பக்கத்துத் துவாரத்தில் கையை விட்டபோதுதான் பெயர் ஞாபகம் வந்தது. அவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பையன் என்றால் சாமுவேல் என்பது என் ஆசை. இறந்துபோன தன் கணவர் லூர்துசாமியின் பெயர் என்பது சம்பந்தியம்மாவின் ஆசை. அவன் பிறக்குமுன்பே போனில் நடந்த அந்தத் தகராறிலும் முடிவு ஏற்படாமல் பெட்டியின்மேல் எஸ்தரின் குழந்தை என்று மட்டும் ஒட்டியிருந்தது. சாமுவேல் லூர்துசாமி என்று இரண்டையும் சொன்னேன். பயத்தில் ஒருவரையும் விட்டுவிட மனம் வரவில்லை. சிறுவயதிலிருந்து எத்தனையோ குழந்தைகளுக்குச் சொல்லக் கேட்ட வார்த்தைகளை, எங்கள் சபை பேசும் தமிழிலேயே சொல்லித் தண்ணீரை விட்டேன். அவன் முகத்தைச் சுளித்தான். அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. மெஷின் அதன்பாட்டுக்கு மூச்சுவிட்டது.

வெளியே வந்ததும் சம்பந்தியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தண்ணி ஓடிச்சாண்ணே?"

ஓடிச்சு என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஓலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கேன்டீன்காரர் கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அன்றைய பொழுது போயிற்று. மறுநாளும் போயிற்று. வாரத்தின் நடுவில் கிருமி குறைகிறது என்றார்கள். பெரிய வியாழனன்று சம்பந்தியம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்த மாதிரி சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவினார் என்று சொன்னார். வெள்ளிக்கிழமை நான் ஒரு சபைக்குப் போய், பிரசங்கம் முழுவதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மெஷினை எடுத்துவிட்டார்கள். பழையபடி மூக்கில் சின்னக் குழாய் மட்டும். கலைச்செல்வி சிரித்துக்கொண்டே சொன்னாள், அழுகிறான் சார், சத்தம் வருகிறது என்று.

பயம் கொஞ்சம் விலகியதும் எங்களுக்குப் பழைய வாய் வந்துவிட்டது. நீங்கள் கொடுத்தது செல்லும், ஆனால் எங்கள் சபை கொடுத்த அனுமதியில்தான் செல்லும், ஆகவே பிள்ளை கத்தோலிக்கன் என்று ஆரம்பித்தார் சம்பந்தியம்மா. தண்ணீர் விட்ட கை யாருடையது, சொன்ன வாய் யாருடையது, ஆகவே பிள்ளை எங்கள் சபை என்றேன் நான். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு சபைக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஞானஸ்நானம் ஒருமுறைதான். முதலில் கொடுத்ததுதான் கணக்கு, அதன்மேல் இன்னொன்று கொடுத்தால் அது ஒன்றுமில்லை. ஆகவே எங்களுக்குள் இதைத் தீர்த்தாக வேண்டும். அதற்குமுன் எஸ்தரிடம் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணம் வந்ததும் இருவரும் எஸ்தரின் அறைக்குப் படியேறினோம்.

எஸ்தர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை சூப் குடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். நீ வேண்டாமென்று சொன்னதை மீறிவிட்டோம், அன்றைக்கு அவன் நிலைமை அப்படி, அப்பாவை மன்னித்துவிடு என்றேன். கல்யாணத்துக்கு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பொறுத்தவள், இதைப் பொறுப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சூப்பைக் கீழே வைத்தாள்.

"நான் முதல் நாளே கொடுத்துட்டேம்ப்பா."

சக்கர நாற்காலியில் வைத்து முதல்முறை அவளை உள்ளே கூட்டிப்போனபோது, கையைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் ஈரத்தோடு விட்டிருக்கிறாள். நர்ஸ் திரும்பிய நேரத்தில் அவன் தலையில் விரல்களை வைத்திருக்கிறாள். அவன் பிழைக்கமாட்டான் என்று நினைத்துத்தான் அதைச் செய்தாளாம். யாராவது ஞானஸ்நானம் என்று பேச்செடுத்தால் அதைச் சொல்ல வேண்டிவரும், சொன்னால் அப்படி நினைத்தேன் என்பதும் வெளியே வந்துவிடும், அதனால்தான் அந்த வார்த்தையே கூடாது என்றாளாம். நாங்கள் அவள் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று ரோமாபுரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் கண்ணை மூடிக்கொண்டு இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சம்பந்தியம்மாவுக்குள் இருந்த ஞானோபதேச டீச்சர் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் ஓடியதா என்று கேட்டார். ஓடியது, காதுக்குப் பின்னால் போனதை நானே துடைத்தேன் என்றாள் எஸ்தர். வார்த்தைகள் சரியாகச் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றாள். அப்படியானால் நான் விட்டது வெறும் தண்ணீர். இரண்டு சபைப்படியும் வெறும் தண்ணீர். என் தண்ணீரை வைத்து நாங்கள் போட்ட சண்டைக்கு அடியே இல்லாமல் போயிற்று.

எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. எந்தச் சபை என்று நினைத்துக் கொடுத்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சம்பந்தியம்மா, பெயர் என்னவென்று சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்டுவிட்டார்.

எஸ்தர் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"பேருதான் நீங்க ரெண்டு பேரும் வைக்க விடலையே அத்தை. 'என் பிள்ளை'ன்னு சொல்லித்தான் கொடுத்தேன்."